தோலில் படும் ரசாயனம்: ஆபத்தை எப்படி எடைபோடுவது?

ரசாயனம் என்றதும் எல்லோரும் மூக்கைத்தான் நினைப்போம். நெடி அடித்தால் ஜன்னலைத் திறக்கிறோம், தொண்டை கமறினால் வெளியே வந்து நிற்கிறோம். கையில் பட்டால்? பக்கத்தில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம், ஏனென்றால் கையில் பட்டது பெரும்பாலும் அந்த நேரத்தில் எதுவும் செய்வதில்லை. தோல் விஷயத்தில் முதல் சிக்கலே அதுதான். எரியவில்லை, வலிக்கவில்லை, அப்படியானால் ஒன்றுமில்லை என்று உடம்பே நம்மை நம்ப வைத்துவிடும்.

இரண்டாவது சிக்கல் அளவு பற்றியது. வேலையிடத்துக் காற்றில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எண் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இரண்டாம் அட்டவணையில் ஒரு பட்டியல் இருந்தது. ஆனால் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு படலாம் என்று சொல்கிற எண் அநேகமாக எந்தப் பொருளுக்கும் கிடையாது. அனிலின், ஃபீனால் போன்ற சிலவற்றின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'ஸ்கின்' என்று ஒரு சொல் போட்டிருப்பார்கள். இது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், அதனால் காற்றை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே என்று அதற்கு அர்த்தம். பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தக் குறிப்பு இல்லாத பொருளெல்லாம் தோலுக்குப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிமென்டுக்கு அந்தக் குறிப்பு இல்லை. ஈரச் சிமென்ட் தோலை வேக வைத்துவிடும்.

ஆக, இங்கே கருவி என்று சொன்னால் முக்கியமாக நின்று கவனித்துப் பார்ப்பதும், சரியான கேள்வியைக் கேட்பதும்தான். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. பாதுகாப்பு அதிகாரி என்று யாரும் இல்லாத, பத்துப் பேர் வேலை பார்க்கிற பட்டறையிலும் செய்யலாம், வயலிலும் செய்யலாம், கட்டடம் கட்டுகிற இடத்திலும் செய்யலாம். வேலையைச் செய்கிறவரே செய்தால் இன்னும் நல்லது, எது எங்கே தெறிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

தோல் எவ்வளவு தடுக்கும்?

தடுக்கிற வேலையைப் பெரும்பாலும் செய்வது தோலின் மேலடுக்கு மட்டும்தான். இறந்து தட்டையான செல்கள், அவற்றுக்கு இடையே கொழுப்பு, அவ்வளவுதான். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இதன் கனம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடச் சில இடங்களில் கிடையாது. தண்ணீரில் மட்டும் கரைகிற பொருளை இந்தக் கொழுப்பு ஓரளவு நன்றாகவே தடுக்கும். எண்ணெயிலும் தண்ணீரிலும் கொஞ்சம் கொஞ்சம் கரைகிற சிறிய மூலக்கூறுகள் என்றால் சுலபமாக நுழைந்துவிடும். மூலக்கூறு எடை 500க்கு மேல் போனால் நுழைவது கஷ்டம் என்பது ஒரு தோராயக் கணக்கு. பூச்சிமருந்துகளிலும் கரைப்பான்களிலும் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான் இருக்கின்றன.

உடம்பு முழுக்கத் தோல் ஒரே மாதிரி கிடையாது. 1967இல் அமெரிக்காவில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற தோல் மருந்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்கையில் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால், உள்ளங்கையில் 0.8, நெற்றியில் 6, தாடையில் 13, விரைப்பையில் 42. எல்லாப் பொருளுக்கும் இதே எண்கள் வராது, ஆனாலும் எந்த இடம் மோசம் என்ற வரிசை நமக்குப் போதும். கையில் மட்டும் கவனம் வைத்து, நனைந்த பேன்ட்டையும் கழுத்தில் வழிகிற வியர்வையைத் துடைக்கும் அழுக்குத் துண்டையும் விட்டுவிடுகிறோம் என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

இதில் பழைய கதை ஒன்று உண்டு. லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இல் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதைக் கவனித்து, காரணம் புகைக்கரி என்று எழுதினார். வேலையினால் வருகிற புற்றுநோய் பற்றி எழுதப்பட்ட முதல் பதிவுகளில் அது ஒன்று. அப்புறம் இங்கிலாந்தின் நூற்பாலைகளில் எந்திர எண்ணெய் நனைத்த கால்சட்டையோடு வேலை பார்த்தவர்களுக்கும், பிறகு லேத் வேலை செய்தவர்களுக்கும் அதே நோய் வந்தது. அந்தக் காலத்து எண்ணெய் சரியாகச் சுத்திகரிக்கப்படாதது; இன்றைய எண்ணெய் அப்படி இல்லை. ஆனால் எஞ்சினில் ஓடிப் பழசான எண்ணெயில் அதே வகைப் பொருட்கள் சேர்ந்திருக்கும். எண்ணெய்த் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்கிற பழக்கம் இன்னும் நம் ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது, அதை இன்றைக்கே விட்டுவிடலாம், காசு எதுவும் செலவாகாது.

என்ன செய்யும்?

தோலில் படுகிற பொருள் மூன்று வழிகளில் கெடுக்கும், மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். தோலையே எரிக்குமா, அரித்துப் புண்ணாக்குமா? ஒவ்வாமையை உண்டாக்குமா? தோலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து வேறு உறுப்பைக் கெடுக்குமா? தொழிலாளர் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்க அரசு நிறுவனமான நியாஷ் 2009இல் தோல் குறிப்புகளை மாற்றி அமைத்தபோது இப்படித்தான் பிரித்தது.

சிமென்டை எடுத்துக்கொண்டால் முதல் இரண்டும் ஒரே மூட்டையில் கிடைக்கும். தண்ணீர் பட்டதும் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு வெளிவந்து பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) 12, 13 என்று ஏறிவிடும். காரம் என்பதால் அமிலம் மாதிரி சுள்ளென்று உறைக்காது. கான்கிரீட் போடுகிறவர் முட்டி போட்டு உட்கார்ந்து மட்டம் பார்க்கிறார், பேன்ட் நனைகிறது, வேலை முடிகிற அவசரத்தில் அப்படியே இருக்கிறார். சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு, முட்டி சிவந்து கொப்பளிக்கும், சிலருக்குக் கொழுப்பு தெரிகிற அளவு ஆழமான புண்ணாகிவிடும். பூட்ஸுக்குள் கலவை இறங்கினாலும் இதே கதை. தலையில் சட்டியோடு கலவை சுமக்கிற சித்தாள்களுக்குக் கழுத்திலும் தோளிலும் அந்தத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இது எரிச்சல், புண் வகை. யாருக்கு வேண்டுமானாலும் வரும். எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. அடுத்தது ஒவ்வாமை, அதன் போக்கே வேறு. சிமென்டில் தண்ணீரில் கரைகிற ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் கேடான வடிவம்) மிகக் குறைந்த அளவில் இருக்கும். பல மாதம், பல வருடம் எதுவும் ஆகாமல் வேலை பார்த்த கொத்தனாருக்கு ஒரு நாள் கை வெடித்து, அரித்து, நீர் வடிய ஆரம்பிக்கும். அவர் உடம்பு குரோமியத்தை எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொண்டது என்று அர்த்தம், அதன் பிறகு துளி அளவு பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் திரும்ப வரும். பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் செருப்பு, தோல் கையுறைகூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். பத்துப் பேர் ஒரே கலவையைத் தொடுகிறார்கள், ஒருவருக்கு மட்டும் வருகிறது என்றால் அவரைச் சுத்தமில்லாதவர் என்று பேசுவார்கள். அது தவறு மட்டுமில்லை, கொடுமையும்கூட.

இதைக் குறைக்க முடியும் என்பதற்கும் சிமென்டே உதாரணம். ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தால் அந்தக் குரோமியம் கேடு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். டென்மார்க் 1980களிலேயே இதைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 ஜனவரி முதல் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்தது. டென்மார்க்கில் கட்டட வேலைக்காரர்களிடம் குரோமிய ஒவ்வாமை அதன் பின் குறைந்தது. கையுறை கொடுத்துச் சாதித்தது இல்லை இது, மூட்டைக்குள் இருக்கிற பொருளையே மாற்றிச் சாதித்தது.

மூன்றாவது வகைக்கு மருந்து அடிக்கிற விவசாயிகளை நினைத்தால் போதும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் தோலில் பெரிய அடையாளம் எதுவும் விடாமல் உள்ளே போய் நரம்பைத் தாக்கும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் பலர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தால், அடித்த மருந்துக்குள்ளேயே நடந்து போக வேண்டியிருக்கும், சட்டை, பேன்ட் எல்லாம் நனையும், மூச்சிலும் போகும், தோலிலும் போகும். முதுகில் மாட்டுகிற டேங்க் கசிந்தால் முதுகு, இடுப்பு, தொடை என்று நனைந்துகொண்டே இருக்கும். வெயிலில் தோல் சூடாகி வியர்க்கும்போது உறிஞ்சுவதும் கூடும்.

தாளில் என்ன போட்டிருக்கிறது?

எடைபோடும் வேலை இரண்டு பாதியாக இருக்கிறது. பொருள் எப்படிப்பட்டது என்பது ஒரு பாதி, அது ஆளை எப்படி, எவ்வளவு அடைகிறது என்பது இன்னொரு பாதி. முதல் பாதிக்கு விடை பெரும்பாலும் தாளிலேயே இருக்கும், அதைக் கேட்டு வாங்கினால் போதும்.

ஆபத்தான ரசாயனங்களுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் 1989 முதல் விதியாகவே இருக்கிறது. கம்பெனிகளில் எம்.எஸ்.டி.எஸ். என்று சொல்வார்கள். பதினாறு பகுதிகள் இருக்கும், முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் 2, 8, 11 ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். இரண்டாம் பகுதியில் 'எச்' என்ற எழுத்தோடு எண்கள் வரும். எச்310 என்றால் தோலில் பட்டாலே உயிர் போகலாம், எச்311 நச்சு, எச்312 கேடு. எச்314 கடுமையான புண், எச்315 எரிச்சல், எச்317 ஒவ்வாமை. இந்த ஆறு எண்களை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும், புதிதாக ஒரு கேன் வந்தாலும் இரண்டு நிமிடத்தில் முதல் பாதியை முடித்துவிடலாம். எட்டாம் பகுதியில் கையுறை பற்றி வரும். 'தகுந்த கையுறை அணியவும்' என்று மட்டும் போட்டிருந்தால் அது உதவாத தாள், எந்த ரப்பர், எத்தனை நிமிடம் தாங்கும் என்று விற்றவரிடம் கேளுங்கள்.

பூச்சிமருந்து டப்பாவில் இதைவிடச் சுலபம். வண்ண முக்கோணம் இருக்கும், சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. வாய் வழியாகப் போவதை மட்டும் வைத்து இந்த நிறம் தீர்மானிக்கப்படுவதில்லை, தோல் வழியாகப் போகும் நஞ்சுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. பச்சை என்றால் தைரியமாகக் கையை விட்டுக் கலக்கலாம் என்று அர்த்தம் இல்லை, எரிச்சலும் ஒவ்வாமையும் இந்த நிறத்தில் தெரியாது.

தாளே இல்லாத பொருட்கள்தான் உண்மையில் தலைவலி. சில்லறையில் ஊற்றிக் கொடுக்கிற தின்னர், பெயர் இல்லாத கேனில் வருகிற 'ஆசிட்', ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் வெல்டிங் கறையை எடுக்கிற பிக்ளிங் பேஸ்ட். அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். செறிவு குறைவாக இருந்தால் பட்ட உடனே வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் ஆழமாக இறங்கி உடம்பின் கால்சியத்தோடு சேர்ந்துகொள்ளும், அதிகம் பட்டால் இதயத்தையே பாதிக்கும். இதை வைத்து வேலை செய்கிற இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அதைத் தடவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். என்ன இருக்கிறது என்றே தெரியாத பொருளை, தெரிகிற வரை மோசமான பொருளாகவே நடத்துவதுதான் சரி.

ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம்

இரண்டாம் பாதியைச் சும்மா பேசினால் புரியாது. கோயம்புத்தூரில் ஒரு சின்ன லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஹெல்பராக இருக்கிற தம்பி, கடைந்து முடித்த பார்ட்ஸை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கையால் கழுவுகிறார், மிஷினில் சூடு தணிக்கிற கூலன்ட் திரவம் ஓடும்போது துகளைத் தள்ளிவிடுகிறார், மாலையில் கையைத் தின்னரில் கழுவிக்கொண்டு கிளம்புகிறார்.

நின்று பாருங்கள், ஒரு மணி நேரமாவது, பேசாமல். கை எதில் முங்குகிறது, எது வரை முங்குகிறது? மணிக்கட்டு வரை என்றால் இரண்டு கையும் சேர்த்து 800 முதல் 1000 சதுர சென்டிமீட்டர் தோல் நனைகிறது. ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை தடவை? எங்கெல்லாம் தெறிக்கிறது? துடைத்த துணி எங்கே போகிறது? அந்தக் கையோடு போனை எடுக்கிறாரா, பீடி பற்ற வைக்கிறாரா, டீ டம்ளரைப் பிடிக்கிறாரா, கழிப்பறைக்குப் போவதற்கு முன் கை கழுவுகிறாரா? கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு கழுவச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம், ரசாயனம் தொடுகிறவர் முன்னாலும் கழுவ வேண்டும், காரணம் மேலே விரைப்பைக்குச் சொன்ன 42 என்ற எண். அப்புறம் கையையே பாருங்கள். வெடிப்பு, கீறல், வறண்ட தோல் இருந்தால் தடுப்புச் சுவரில் ஏற்கனவே ஓட்டை விழுந்துவிட்டது, அவருக்கு மற்றவர்களைவிட அதிகம் உள்ளே போகும்.

தொட்டால்தான் படும் என்றும் இல்லை. மிஷின் கைப்பிடி, சுவிட்ச், பூட்டு, டூல்ஸ் எல்லாவற்றிலும் ஒரு படலம் இருக்கும், பட்டறையில் கணக்கு எழுதுகிறவர் கையிலும் அது இருக்கலாம். இதைக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டு. கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு கடைகளில் கிடைக்கும்; வெளுப்பூட்டி கலந்த சலவைத்தூள் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். ரசாயனத்துக்குப் பதிலாக அந்தத் தூள் கரைத்த தண்ணீரை வைத்து வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, இருட்டில் விளக்கைப் பிடித்தால் முகம், காது, கழுத்து, பாக்கெட் என்று எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியும். நூறு தடவை சொல்லிக் கேட்காதவர்கூட இதைப் பார்த்தால் கேட்பார்.

இப்போது சேர்த்துப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் தோலின் கொழுப்பைக் கரைக்கும், எரிச்சல் தரும், நேரம் அதிகம் என்பதால் இதை விட்டுவிட முடியாது. கூலன்ட் காரத்தன்மை உள்ளது, அதில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கிற மருந்துகள் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. தண்ணீர் ஆவியாகி ஆவியாகிச் செறிவு கூடிக்கொண்டே போகும், அதனால் போன மாதம் ஒன்றும் செய்யாத கூலன்ட் இந்த மாதம் கையை எரிக்கலாம். தின்னர் தொடுகிற நேரம் மிகக் குறைவு, ஆனாலும் மூன்றிலும் மோசம் அதுதான் என்பேன். பல தின்னர்களில் டொலுயின் இருக்கும், சிலவற்றில் மெத்தனாலும் இருக்கும், இரண்டுமே தோலைத் தாண்டும். நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறிக் கொழுப்பை இழந்த தோலில் கடைசியாக அதைத் தேய்க்கிறார்.

எதை முதலில் சரிசெய்வது என்ற கேள்விக்கு நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்: கேடு திரும்பச் சரியாகாததா, எவ்வளவு தோல் எவ்வளவு நேரம் நனைகிறது, மாற்றுவது எவ்வளவு சுலபம். தின்னரில் கை கழுவுவதை நாளைக்கே நிறுத்தலாம், சோப்போ கை கழுவுகிற பேஸ்ட்டோ வாங்கி வைத்தால் முடிந்தது. பார்ட்ஸைக் கம்பிக் கூடையில் போட்டு முக்கி எடுக்கலாம், நீளக் கைப்பிடி வைத்த பிரஷ்ஷால் தேய்க்கலாம். தண்ணீரில் கலக்கிற கிளீனருக்கு மாறலாம், ஆனால் அதன் பிஎச் என்ன என்று பார்த்துவிட்டு மாறுங்கள், 11.5க்கு மேல் போனால் அதுவே தோலை அரிக்கிற பொருளாகிவிடும். கூலன்ட் செறிவை வாரம் ஒரு முறை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

வெறும் தண்ணீரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருந்தாலோ, 20 தடவைக்கு மேல் கை கழுவினாலோ அதையே தோல் நோய்க்கு வழிவிடும் வேலையாகப் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை கருதுகிறது. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர், அழகு நிலையத்தில் நாள் முழுக்கத் தலை அலசிவிடுகிற பெண் எல்லோரும் இதில் வருவார்கள். ரப்பர் கையுறைக்குள் வியர்த்து ஊறுகிற நேரமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

கையுறையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம்

1996 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர் டைமெத்தில்மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தார், அதன் மேல் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தது. சில மாதங்கள் ஒன்றும் இல்லை. 1997 ஜனவரியில் நடை தடுமாறி, பேச்சு குழறி மருத்துவமனைக்குப் போனார், ஜூனில் இறந்துவிட்டார். வயது 48. அப்புறம் சோதித்துப் பார்த்தால் அந்தப் பொருள் அந்த வகைக் கையுறையை 15 நொடிக்குள்ளேயே தாண்டிவிடுகிறது. அவர் கவனக்குறைவானவர் இல்லை, அன்றைக்கு இருந்த வழிமுறைப்படிதான் வேலை செய்தார்.

ஓட்டையே இல்லாத கையுறையைத் திரவம் மூலக்கூறு மூலக்கூறாக ஊடுருவும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. எந்த ரப்பரை எந்தத் திரவம் எவ்வளவு நேரத்தில் தாண்டும் என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். நைட்ரைல் மண்ணெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் நல்லது, அசிட்டோனுக்கு உதவாது. பியூட்டைல் அசிட்டோனுக்கு நல்லது, பெட்ரோல் வகைக்கு உதவாது. சாதாரண ரப்பர் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் உப்பிப் போகும். தின்னர் மாதிரி நான்கைந்து கரைப்பான் கலந்த பொருளுக்கு எல்லாவற்றையும் தாங்குகிற விலை குறைந்த கையுறை கிடைப்பது அரிது, அதைக் கையால் தொடாமல் வேலையை மாற்றுவதுதான் வழி. துணிக் கையுறையும் தோல் கையுறையும் திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும், வெறுங்கையைவிட மோசம்.

நல்ல கையுறையில் குடுவைப் படமும் அதன் கீழே எழுத்துகளும் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு எழுத்தும் சோதித்துப் பார்த்த ஒரு ரசாயனம்: ஏ மெத்தனால், பி அசிட்டோன், எஃப் டொலுயின், ஜே ஹெப்டேன், கே 40 சதவீதக் காஸ்டிக் சோடா, எல் 96 சதவீதக் கந்தக அமிலம். மண்ணெண்ணெய்க்கு ஜே இருக்கிறதா பாருங்கள், காரத்துக்குக் கே. கையுறைக்கு 'டைப் ஏ', 'டைப் பி', 'டைப் சி' என்று வகையும் உண்டு, அது மேலே சொன்ன ரசாயன எழுத்து இல்லை; டைப் ஏ, டைப் பி என்றால் சோதித்த ரசாயனத்தைக் குறைந்தது 30 நிமிடம் தாங்கியது என்று அர்த்தம், டைப் சி என்றால் 10 நிமிடம்தான். அதுவும் ஆய்வுக்கூடத்தில், புதுக் கையுறையில். வேலையில் நீட்டி மடக்கி, சூட்டில் பயன்படுத்தும்போது இன்னும் குறையும். மருத்துவமனையில் போடுகிற மெல்லிய நீல நைட்ரைல் தெறித்தால் தடுக்கும், உடனே கழற்றிப் போட்டுவிட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு தட்டுக்குள் கையை விட்டு வேலை செய்யக் கூடாது. உள்ளே ஒருமுறை ரசாயனம் போய்விட்ட கையுறையை மறுபடி போடவே கூடாது, வெளியே போக வழியில்லாமல் தோலோடு அழுத்தி வைத்த மாதிரி ஆகிவிடும்.

வேலைக்கு முன் தேங்காய் எண்ணெயோ தடுப்புக் கிரீமோ தடவிக்கொள்வது கையுறைக்கு ஈடாகாது. வேலை முடிந்து, கழுவித் துடைத்த பிறகு தடவினால் வறண்ட தோல் தேறும், அதற்குத் தாராளமாகத் தடவுங்கள்.

பட்டுவிட்டால் தண்ணீர்தான், நிறைய, நேரம் எடுத்து; அரிக்கிற பொருள் என்றால் 20 நிமிடமாவது ஓடும் தண்ணீர். நனைந்த துணியை, செருப்பை, பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும், கூச்சப்பட்டு உடையோடு நின்று கழுவினால் பாதிப் பொருள் துணியிலேயே இருக்கும். பெண்கள் வேலை செய்கிற இடத்தில் மறைப்பான ஒரு குளியலிடம் இருக்கிறதா என்பதும் எடைபோடுகிறபோது கேட்க வேண்டிய கேள்வி. அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று எதையும் மேலே ஊற்ற வேண்டாம். மருந்து அடித்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், துவைக்கிறவருக்கும் அது தோல் வழியாகப் போகும்.

ஒரு தடவை எடைபோட்டு எழுதி வைத்ததைப் பொருள் மாறும்போது, கம்பெனி மாறும்போது, வேலை செய்கிற முறை மாறும்போது திரும்பப் பார்க்க வேண்டும். இது எதுவும் மாறாமலே யாருக்காவது கையில் அரிப்பு, வெடிப்பு வந்தால் அதுவும் திரும்பப் பார்க்க ஒரு காரணம். மாதம் ஒரு முறை எல்லோர் கையையும் வெளிச்சத்தில் பார்ப்பது நல்ல பழக்கம், விரல் இடுக்கில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். விடுமுறையில் குறைந்து, வேலைக்கு வந்ததும் கூடுகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் வேலையைச் சந்தேகிக்கலாம். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியும் குரோமியப் புண்ணும் இருந்தன, அதாவது பார்த்த மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களாக இவை வைக்கப்பட்டிருந்தன.

தோல் மருத்துவரிடம் போகும்போது எம்.எஸ்.டி.எஸ். தாளை, அது இல்லையென்றால் டப்பா லேபிளின் போட்டோவைக் கையோடு கொண்டு போங்கள், என்ன வேலை, எதைத் தொடுகிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள், வெறும் 'கை அரிக்கிறது' என்றால் களிம்பு மட்டும் கிடைக்கும். ஒவ்வாமையா என்று தெரிந்துகொள்ளப் பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப்படுகிற பொருட்களைச் சிறிய அளவில் முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள், அதனால் இரண்டாவது தடவை போகாமல் விட்டுவிடக் கூடாது. முடிவில் பொருளின் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அங்கே தொட வேண்டிய பொருட்களில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.